வெளிச்சம் எட்டும் தூரம்

மூணாறிலிருந்து கொச்சி போகும் சாலையில் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வருகிறது பள்ளிவாசல். மலையாளிகளுக்கு அந்தப் பெயர் மின்சாரத்தை நினைவூட்டும். முதிரப்புழை ஆற்றுத் தண்ணீரைக் குழாய்களில் இறக்கி 1940ல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய இடம் அது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் பெரிய நீர்மின் திட்டம். தமிழர்களுக்கோ அது கொழுந்து கிள்ளப் போன சொந்தக்காரர்களின் ஊர். தலைமுறைகளாக அங்கே லயங்களில் குடியிருக்கும் குடும்பங்கள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகின்றன.

அந்த மலையில் பெரிய நோய் வந்தால் இரண்டு திசைகள் உண்டு. மேற்கே இறங்கினால் கோட்டயம் அல்லது கொச்சி. கிழக்கே போடிமெட்டு வழியாக இறங்கினால் தேனி, அதைத் தாண்டி மதுரை. மொழி கிழக்கே இழுக்கும். ரேஷன் அட்டையும் அதை ஒட்டிய இன்ஷூரன்ஸும் மேற்கே நிறுத்தும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை உள்ளவர்களுக்கானது. எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒரு நாள் கூலி போய்விடும்.

இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொண்டு, அடிக்கடி கண்ணில் படும் ஒரு செய்தியைப் படிக்க வேண்டும். ‘தங்க நானோ துகள்கள் மூலம் புற்றுநோய் அழிப்பு: விஞ்ஞானிகள் சாதனை.’ சில நேரம் துகள் தங்கமாக இருக்கும், சில நேரம் கார்பன், சில நேரம் சிலிக்கா. துகளை உடம்பில் செலுத்துகிறார்கள். ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். புற்று ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கிறது, அல்லது வெந்து சாகிறது. அறுவை இல்லை, முடி கொட்டாது.

இப்படிப்பட்ட செய்திகள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது ஒரு சொல் வழியிலேயே தொலைந்துபோவதை மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். மூலச் செய்தியில், பெரும்பாலும் நான்காவது ஐந்தாவது வரியில், ‘எலிகளில்’ என்று இருக்கும். தலைப்பில் அதற்கு இடம் இருக்காது. எலியின் சொல்லை எடுத்துவிட்டால் மனிதனுக்கு மருந்து வந்துவிடுகிறது! இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப் போடும் குடும்பங்கள் உண்டு என்பதால் இது வெறும் பத்திரிகைக் குறும்பாக முடிவதில்லை.

ஆனால் விஷயம் பொய்யும் அல்ல. அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மருந்தையும் ஒளியையும் சேர்த்து நோயைத் தாக்குவது நமக்குப் புதிதல்ல. தோலில் வெண்புள்ளி விழுந்தால் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயில் காட்டச் சொல்வது நாட்டு வைத்தியத்தில் பழைய முறை. அந்த விதையில் உள்ள சோரலென் என்ற ரசாயனம் வெயில் படும்போதுதான் வேலை செய்யும். 1900ல் ஜெர்மனியின் மூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்ற மாணவர் இதே தத்துவத்தைத் தற்செயலாகக் கண்டார். ஒரு சாயத்தில் விட்ட நுண்ணுயிர்கள் ஒரு நாள் சீக்கிரம் செத்தன, ஒரு நாள் தாமதமாகச் செத்தன. வித்தியாசம் சாயத்தில் இல்லை. அன்றைக்கு இருந்த வெளிச்சத்தில் இருந்தது. மூன்றாண்டு கழித்து, தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் நோபல் பரிசு பெற்றார்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இந்த வழி நிலைபெற எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1970களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாமஸ் டோகர்ட்டி இதை ஒரு முறையான சிகிச்சையாக வளர்த்தார். ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்தை ஊசி மூலம் ஏற்றிவிட்டு, புற்றுள்ள இடத்தில் சிவப்பு லேசரைக் காட்டுவது அவர் முறை. ஒளி பட்ட மருந்து, அக்கம்பக்கத்து ஆக்ஸிஜனை விஷமாக்குகிறது. அந்த விஷம் செல்லைக் கொல்கிறது. 1993ல் கனடாவும் 1995ல் அமெரிக்காவும் இதற்கு அனுமதி கொடுத்தன. இதை ஒளியியக்க சிகிச்சை என்கிறார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஃபோட்டோஃப்ரின் உடம்பிலிருந்து முழுக்கப் போக வாரக் கணக்காகும். குறைந்தது 30 நாள் வெயிலில் போகக் கூடாது. போனால் தோல் பொசுங்கும். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் திரையை இழுத்துவிட்டுக்கொள்ளலாம். மலைச்சரிவில் கூடையோடு நிற்கிற பெண் என்ன செய்வாள்? அவளுக்கு வெயில்தான் வேலை செய்யும் இடம். மருத்துவப் புத்தகத்தில் ‘பக்க விளைவு’ என்ற தலைப்பில் ஒரு வரியாக இருப்பது அவளுக்கு ஒரு மாதச் சம்பளம்.

மருந்தைப் புற்றுக்கு மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தால் இந்தத் தொல்லை இராது. நானோ துகள்கள் களத்துக்கு வருவது இங்கேதான்.

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் அளவு ஓரளவு புரியும். இந்த அளவுக்குப் பொடித்தால் பொருள்களின் குணம் மாறிவிடுகிறது. தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை. மைக்கேல் ஃபாரடே 1857ல் செய்து பார்த்த தங்கக் கரைசல் மாணிக்கச் சிவப்பாக இருந்தது. காரணம், துகளுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் ஒளியின் குறிப்பிட்ட நிறத்துக்கு மட்டும் ஒட்டுமொத்தமாக ஆடுகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னக் கைகூட அதை உயரத் தூக்கிவிடும் அல்லவா? அதைப் போலத்தான். ஆட்டம் கடைசியில் சூடாக மாறுகிறது. துகளின் வடிவத்தை மாற்றினால் அது எந்த நிறத்துக்கு ஆட வேண்டும் என்பதையும் மாற்றலாம்.

எந்த நிறத்துக்கு ஆட வைப்பது? சின்ன வயதில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பார்க்காதவர் யார்? கை சிவப்பாகத் தெரியும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. அதையும் தாண்டிய, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் தொடக்கப் பகுதி இன்னும் சற்று ஆழம் போகும். ஆகவே அந்த ஒளிக்குச் சூடாகும்படி தங்கத் துகளைச் செய்தால், உடம்பு சூடாகாமல் துகள் இருக்கும் இடம் மட்டும் சூடாகும். இது ஒளிவெப்ப சிகிச்சை.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் இருவரும் சிலிக்கா உருண்டைக்குத் தங்க ஓடு போட்டு இப்படி ஒரு துகளைச் செய்தார்கள். அதன் குறுக்களவு சுமார் 150 நானோமீட்டர். அது எலிகளைத் தாண்டி மனிதனுக்கும் வந்துவிட்டது. பிராஸ்டேட் சுரப்பியில் புற்று இருந்த 16 ஆண்களிடம் செய்த சோதனையின் முடிவு 2019ல் வெளியானது. 15 பேருக்குச் சிகிச்சையை முழுமையாக முடிக்க முடிந்தது. பெரிய பாதிப்புகள் இல்லை. நல்ல செய்திதான். ஆனால் அங்கே ஒளி வெளியிலிருந்து போகவில்லை. லேசர் இழையைச் சுரப்பிக்குள்ளேயே செருகித்தான் வெளிச்சம் காட்ட வேண்டியிருந்தது.

இந்தத் துறையின் முதல் பிரச்னை இதுதான். எவ்வளவு கெட்டிக்காரத் துகளானாலும் வெளிச்சம் எட்டாத இடத்தில் அது வெறும் தூசி. சிவப்பு ஒளி சிகிச்சைக்குப் போதுமான வலுவோடு சதைக்குள் போவது அதிகபட்சம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான். அகச்சிவப்பு கொஞ்சம் கூடுதல். எலியின் உடம்பில் இது பெரிய தூரம். மனிதனின் ஈரலில் இருக்கும் புற்றுக்கு இது வாசற்படி.

இரண்டாவது பிரச்னை விலாசம். ஊசியில் ஏற்றிய துகள் நேராகப் புற்றுக்குப் போய்ச் சேர்கிறது என்பது படம் போட்டு விளக்கச் சுலபம். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழு, பத்தாண்டுகளில் வெளியான ஆய்வுகளைத் திரட்டி 2016ல் கணக்குப் பார்த்தது. ஏற்றிய துகள்களில் புற்றுக்குள் போய்ச் சேர்ந்தவற்றின் நடுவளவு 0.7 சதவீதம். அதாவது ஆயிரத்தில் ஏழு. மீதியில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வது ஈரலும் மண்ணீரலும்.

மூன்றாவது பிரச்னை, வேலை முடிந்தபின் துகள் எங்கே போகிறது என்பது. சிறுநீரகம் சுமார் 6 நானோமீட்டருக்கு உட்பட்டதைத்தான் எளிதாக வடிகட்டி வெளியேற்றும். அதைவிடப் பெரிய தங்கம் கரையாது, மட்காது. குவான்டம் புள்ளிகள் என்று ஒரு வகை இருக்கிறது. அழகாக ஒளிரும். அவற்றைக் கண்டுபிடித்து உருவாக்கியவர்களுக்கு 2023ல் வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அவற்றில் பலவற்றில் காட்மியம் இருக்கிறது. காட்மியம் விஷம்.

இதற்கு மாற்றுத் தேடுவதில் இந்திய ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் ரோஹித் ஸ்ரீவஸ்தவா, அரவிந்த் குமார் ரங்கன் ஆகியோர் அடங்கிய குழு, கொழுப்புக் குமிழ்களின் மேல் தங்கப் பூச்சு கொடுத்து ஒரு துகளைச் செய்தது. வேலை முடிந்ததும் அது சிறு சிறு துண்டுகளாக உடைந்து வெளியேறிவிட வேண்டும் என்பது திட்டம். 2015ல் வெளியான அந்த ஆய்வில் திட்டம் பலித்தது. எலிகளில். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த சிலிக்கா புள்ளிகள் அளவில் இன்னும் சிறியவை. 2011ல் மனிதச் சோதனைக்கு அனுமதி பெற்றன. முதல் கட்டத்தில் தோல் புற்று பரவிய ஐந்து நோயாளிகளுக்கு அவற்றை ஏற்றினார்கள். துகள்கள் பெரும்பாலும் சிறுநீரில் போய்விட்டன.

ஒளியால் புற்றை அழிப்பதைவிட ஒளியால் புற்றைக் காட்டுவதில்தான் முன்னேற்றம் அதிகம். மூளைக் கட்டி அறுவைக்கு முன் 5-ஏ.எல்.ஏ. என்ற மருந்தைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். நீல விளக்கில் கட்டி மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. ஜெர்மனியில் 2006ல் வெளியான ஆய்வில், இந்த விளக்கின் உதவியோடு அறுத்தபோது 65 சதவீதம் பேரிடம், ஸ்கேனில் பிடிபட்ட கட்டி முழுவதையும் எடுக்க முடிந்தது. சாதாரண வெளிச்சத்தில் அது 36 சதவீதம். இந்த மருந்தில் நானோ எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்போதும் புதிய பொருள்தான் முந்தும் என்பதில்லை.

இனி பள்ளிவாசலுக்குத் திரும்பலாம். ஒளி ஒரு சென்டிமீட்டர்தான் போகும் என்றால், அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் புற்று எது? தோல், உணவுக்குழாய், கருப்பை வாய். எல்லாவற்றுக்கும் முன்னால், வாய்.

உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 3.9 லட்சம் பேருக்கு உதடு, வாய்ப் புற்று வருவதாக 2022ம் ஆண்டுக்கான சர்வதேசக் கணக்கு சொல்கிறது. அதில் சுமார் 1.43 லட்சம் பேர் இந்தியர்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை நமக்குக் கொடுத்த சீதனம் இது. தோட்டங்களில் குளிருக்கும் களைப்புக்கும் வாயில் ஒரு பொட்டலம் ஒதுக்கிக்கொள்வது பழைய வழக்கம். புகையிலை சேர்க்காவிட்டால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004லேயே சொல்லிவிட்டது.

ஒளி எட்டும் இடத்தில் இருக்கிற புற்று, ஒளி எட்டும் காலத்தில் அகப்படுவதில்லை என்பதுதான் நம் ஊர்க் கதை. வாய்ப்புண் வலிக்கும்போதுதான் டாக்டரைத் தேடுகிறோம். ஆரம்பப் புற்று பல நேரம் வலிப்பதில்லை.

இதற்குக் கேரளத்திலேயே ஒரு பெரிய பதில் கிடைத்திருக்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த டாக்டர்களும் ரெங்கசாமி சங்கரநாராயணனும் 1996ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 13 பஞ்சாயத்துகள், 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1.9 லட்சம் பேர். ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாண்டுக்கு ஒரு முறை, மூன்று சுற்று. ஆறு பஞ்சாயத்துகளில் வழக்கமான மருத்துவம் மட்டும். 2005ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, வாய்ப் புற்றால் ஏற்படும் சாவு, சோதித்த பஞ்சாயத்துகளில் 34 சதவீதம் குறைவு. லேசர் இல்லை, தங்கம் இல்லை. வெளிச்சமும், பயிற்சி பெற்ற ஒரு ஜோடிக் கண்ணும்தான்.

இப்போது நவீன ஒளியை அந்தக் கண்ணுக்குத் துணையாக்கப் பார்க்கிறார்கள். திருவனந்தபுரத்தில் சாஸ்கேன் என்ற நிறுவனம் உருவாக்கிய ‘ஓரல்ஸ்கேன்’ கருவி 2020ல் அறிமுகமானது. கையில் பிடித்து வாய்க்குள் பல நிற ஒளியைக் காட்டி, சதை தானே வெளியிடும் மெல்லிய ஒளிர்வைப் படம் பிடிக்கிறது. பயாப்ஸிக்கு எந்த இடத்தில் துணுக்கு எடுக்கலாம் என்று டாக்டருக்குக் காட்டுகிறது. கொச்சி அமிர்தா நிறுவனத்தின் நானோ மையம் 2014ல் வெளியிட்ட ஆய்வு வேறு வழி. வெள்ளியும் டைட்டானியமும் கொண்ட நானோ பரப்பில் வாய்த்திசுவை வைத்து, சிதறி வரும் ஒளியிலிருந்து புற்றா இல்லையா என்று படித்தார்கள். அந்தச் சிதறலுக்குத் திருச்சியில் பிறந்த சி.வி. ராமனின் பெயர்தான். 1928 பிப்ரவரி 28ல் கல்கத்தாவில் அவர் கண்டது, நானோ வெள்ளி தொட்டதும் பல மடங்கு வலுவாகிறது.

சிகிச்சையிலும் நம் நிலைமைக்கேற்ற ஒரு முயற்சி நடந்திருக்கிறது. பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஜோனதன் செலி, தயபா ஹசன் ஆகியோர் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவமனையோடு சேர்ந்து, ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றுள்ள சுமார் 30 பேருக்கு ஒளியியக்க சிகிச்சை கொடுத்தார்கள். மருந்து, மூளை அறுவைக்குச் சொன்ன அதே 5-ஏ.எல்.ஏ. உடம்பில் இரண்டொரு நாளுக்கு மேல் தங்காது. விலையுயர்ந்த லேசருக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு. மின்சாரம் போனாலும் நிற்கக் கூடாது என்று பேட்டரி. புற்று ஒளிர்வதைப் படம் பிடிக்க ஸ்மார்ட்ஃபோன். மனிதர்களிடம் நடந்தது என்பதால் முக்கியம். 30 பேர் என்பதால் ஆரம்பம் மட்டுமே. அறுவையும் கதிர்வீச்சும்தான் இன்றைக்கும் வாய்ப் புற்றின் முதன்மைச் சிகிச்சை. யாரும் இதைப் படித்துவிட்டு அவற்றைத் தள்ளிப் போடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ‘தங்கம் புற்றைக் கொல்லும்’ என்று செய்தி வந்ததும் தங்க பஸ்பம் விற்பவர்கள் விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். துகளின் அளவும் வடிவமும் சரியாக இருந்து, புற்றுக்குள் போய்ச் சேர்ந்து, குறிப்பிட்ட ஒளியும் பட்டால்தான் தங்கம் சுடும். சாப்பிட்ட தங்கத்துக்கு இந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் இல்லை.

ஆகவே அடுத்த முறை இப்படிப்பட்ட செய்தி கண்ணில் பட்டால் நான்கு கேள்விகள் போதும். எலியா, மனிதனா? எத்தனை பேர்? புற்று இருந்தது எவ்வளவு ஆழத்தில்? துகள் பிறகு எங்கே போயிற்று? நான்குக்கும் பதில் செய்தியிலேயே இருந்தால் அது படிக்க வேண்டிய செய்தி. இல்லாவிட்டால் பக்கத்தைப் புரட்டலாம்.

வாயில் இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் சரியாகத் திறக்காமை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் செய்திக்குக் காத்திருக்க வேண்டாம். 30 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைச் சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016லேயே வழிமுறை வகுத்துவிட்டது. அது தோட்டத்து லயங்களின் வாசலுக்கும் வர வேண்டும் என்று கேட்க, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தொழிற்சங்கங்களுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் உரிமை இருக்கிறது. பள்ளிவாசலின் தண்ணீர் எங்கெங்கோ விளக்கேற்றிக்கொண்டிருக்கிறது. அதே மலையில் கொழுந்து கிள்ளுகிறவரின் வாய்க்குள் ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்க்க இன்னொரு திட்டம் தேவையில்லை. ஓர் ஆள் அனுப்பினால் போதும்.